ஆறுதல் சொல்பவருக்கு யார் ஆறுதல் சொல்வது? – மனிதவளத் துறையும் இயந்திரங்களும்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்குச் சம்பளத்தில் குறை என்றால், மேலாளரோடு தகராறு என்றால், வீட்டில் துக்கம் நடந்து விடுப்பு வேண்டும் என்றால், அவர் போய் நிற்கும் இடம் மனிதவளத் துறை. எல்லோரும் சுருக்கமாக எச்.ஆர். என்று சொல்லும் துறை. வேலைக்கு வந்த முதல் நாளில் கைகுலுக்கி வரவேற்பவரும் அங்கேதான் இருக்கிறார். ஆட்குறைப்பு வந்தால் கடிதத்தைக் கையில் கொடுப்பவரும் அவரேதான். எல்லோருடைய சோர்வையும் கேட்கிற அந்த மனிதருக்கே சோர்வு வந்தால் அவர் எங்கே போவார்?

இதற்கு மென்பொருள் விற்பவர்கள் சொல்லும் பதில் எளிமையானது. இயந்திரம் வேலையைக் குறைக்கும், வேலை குறைந்தால் சோர்வும் குறையும் என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதம் புதியதல்ல. அதற்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இந்த எழுபது ஆண்டுகளில் இயந்திரம் எந்தச் சுமையைத் தூக்கியது, எந்தச் சுமையைத் தொடவே இல்லை என்பதை வரலாறு தெளிவாகவே காட்டுகிறது.

சாக்லேட் தொழிற்சாலையில் தொடங்கிய வேலை

இங்கிலாந்தின் யார்க் நகரில் ரவுண்ட்ரீ என்ற சாக்லேட், கோகோ நிறுவனம் இருந்தது. அங்கே இளம்பெண்கள் பெரும் எண்ணிக்கையில் வேலை செய்தார்கள். அவர்களுடைய நலனைக் கவனிப்பதற்கென்றே 1896இல் மேரி வுட் என்ற பெண்மணியை அந்த நிறுவனம் நியமித்தது. பிரிட்டனின் முதல் பணியாளர் நல அதிகாரிகளில் ஒருவராக இவரைக் குறிப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் டேட்டன் நகரில் இருந்த நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தில் 1901இல் பெரிய தொழிலாளர் தகராறு நடந்தது. அதன் பிறகு அதன் தலைவர் ஜான் பேட்டர்சன் தொழிலாளர் விவகாரங்களுக்கென்று தனித் துறை ஒன்றையே அமைத்தார்.

1913இல் பிரிட்டனின் நல அலுவலர்கள் யார்க் நகரில் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சிறிய சங்கம்தான் பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு சி.ஐ.பி.டி. என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தது. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் வந்தது. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கான பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். டி.என்.டி. வெடிமருந்தைக் கையாண்ட பெண்களின் தோல் மஞ்சளாக மாறியது. இவர்களைக் கவனிக்க நலக் கண்காணிப்பாளர்கள் தேவைப்பட்டார்கள். அரசாங்கத்தின் வெடிமருந்து அமைச்சகம் அதற்கென்று ஒரு பிரிவைத் தொடங்கி, சீபோம் ரவுண்ட்ரீயைத் தலைமை தாங்க அழைத்தது.

இந்த வேலையின் தர்மசங்கடம் அப்போதே தொடங்கிவிட்டது. தொழிலாளர்கள் இவர்களை முதலாளியின் உளவாளி என்று சந்தேகப்பட்டார்கள். மேஸ்திரிகளோ, தங்கள் அதிகாரத்தில் மூக்கை நுழைக்க வந்தவர்கள் என்று முறைத்தார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளத்தின் நிலைதான் இவர்களுக்கு.

இந்தியாவுக்கும் இந்த வேலை பிரிட்டிஷ் ஆட்சி வழியாகவே வந்தது. தொழிற்சாலைகளில் தொழிலாளர் அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்று விட்லி ஆணையம் 1931இல் பரிந்துரைத்தது. சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆவது பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது. 2020இல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது. அதாவது ஒரு நூற்றாண்டாக இந்த மனிதர்களின் தேவை கூடிக்கொண்டேதான் போயிருக்கிறது.

கேட்பதே வேலையானபோது

இந்த வேலையில் முதலிலிருந்தே இரண்டு சுமைகள் இருந்தன. ஒன்று காகிதச் சுமை: பெயர்ப் பதிவேடு, சம்பளக் கணக்கு, விடுப்புக் கணக்கு, கடிதங்கள். மற்றொன்று மனிதச் சுமை: குறை கேட்பது, சமாதானம் சொல்வது, கெட்ட செய்தியை நேரில் சொல்வது.

மனிதச் சுமை எவ்வளவு பெரியது என்பதை உலகுக்குக் காட்டியது சிகாகோவுக்கு அருகில் இருந்த ஹாவ்தார்ன் தொழிற்சாலை. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இந்தத் தொழிற்சாலையில் 1928 முதல் 1930 வரை 21,000க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் பேட்டி எடுத்தார்கள். முதலில் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஊழியர்களோ கேள்வியை விட்டுவிட்டுத் தங்கள் மனதில் இருந்ததைப் பேசினார்கள். பிறகு கேள்விகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேச விட்டார்கள்.

1936இல் அதே தொழிற்சாலையில் ஆலோசகர்கள் என்று தனியாகச் சிலரை நியமித்தார்கள். அவர்கள் வேலை கேட்பது மட்டும்தான். புத்திமதி சொல்லக் கூடாது, பக்கம் சேரக் கூடாது, கேட்டதை மேலதிகாரியிடம் சொல்லவும் கூடாது. 1940களின் இறுதியில் இவர்கள் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியது. 1956இல் இந்தத் திட்டம் முடிவுக்கு வந்தது. இருபது ஆண்டுகள் ஆயிரக்கணக்கானவர்களின் வீட்டுக் கவலையையும் வேலைக் கவலையையும் கேட்டவர்கள் அவர்கள். ஆனால் கேட்டதை வைத்து அவர்களால் எதையும் மாற்ற முடியாது. கேட்கலாம், தீர்க்க முடியாது என்ற இந்த நிலை, பின்னாளில் எச்.ஆர். துறையில் வந்த பலருக்கும் பழக்கமான நிலைதான்.

1954 பிப்ரவரி, லண்டன்

இப்போது வரலாற்றின் ஒரு விசித்திரமான ஒற்றுமையைக் காணலாம். 1954 பிப்ரவரியில், லண்டன் என்ற ஒரே நகரத்தில், இந்த இரண்டு சுமைகளுக்கும் தனித்தனியாக இரண்டு விடைகள் பிறந்தன.

முதல் விடை ஒரு கம்ப்யூட்டர். ஜே. லயன்ஸ் என்பது ஊரெல்லாம் தேநீர்க் கடைகளும் பெரிய பேக்கரியும் வைத்திருந்த நிறுவனம். அதன் நிர்வாகத்தில் ஜான் சிம்மன்ஸ் என்ற கணித மேதை இருந்தார். எழுத்தர்களின் சலிப்பான கணக்கு வேலையை எப்படிக் குறைப்பது என்று பல ஆண்டுகளாக யோசித்தவர் அவர். பிரிட்டனில் 1944இல் சம்பளத்திலேயே வருமான வரியைப் பிடிக்கும் முறை வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு ஊழியருக்கும் வரி கணக்குப் போட வேண்டியதாயிற்று. சம்பளப் பிரிவுகள் திணறின.

லயன்ஸ் நிறுவனத்தின் இரண்டு அதிகாரிகள் 1947இல் அமெரிக்கா போய் கம்ப்யூட்டர்களைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் கட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கு லயன்ஸ் 3,000 பவுண்டு கொடுத்து உதவியது. பிறகு அதே மாதிரியில் தனக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டது. பெயர் லியோ. ஜான் பிங்கர்ட்டன் என்ற பொறியாளர் அதைக் கட்டினார். டேவிட் கேமினர் அதற்கான வேலை முறைகளை வகுத்தார். 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கை அது போட்டது. ஒரு வியாபார நிறுவனத்தின் அன்றாட வேலையைக் கம்ப்யூட்டர் செய்தது அதுவே முதல் முறை.

சம்பளக் கணக்கு அதைவிடக் கடினமானது. ஒரு பைசா தவறினாலும் ஒரு குடும்பத்தின் வாரச் செலவு பாதிக்கும். அந்த நிரலை எழுதியவர்களில் மேரி கூம்ப்ஸ் ஒருவர். பிரெஞ்சு இலக்கியம் படித்துவிட்டு, வணிகக் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிய முதல் பெண் என்ற பெயரை எடுத்தவர் அவர். பழைய கைமுறைக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகு, 1954 பிப்ரவரியில் லியோ உண்மையான சம்பளக் கணக்கைப் போடத் தொடங்கியது. அனுபவமுள்ள எழுத்தருக்கு ஓர் ஊழியரின் கணக்கைப் போட 8 நிமிடம் ஆகும். லியோவுக்கு ஆனது ஒன்றரை வினாடி. பத்தாயிரம் ஊழியர்களுக்கு என்று பெருக்கிப் பார்த்தால், எழுத்தர்களுக்கு 1,333 மணி நேரம். லியோவுக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

இரண்டாவது விடை ஒரு தொலைபேசி. அதே லண்டனில், சாட் வாரா என்ற பாதிரியார் 1953 நவம்பர் 2ஆம் தேதி தன் தேவாலயத்தில் ஒரு தொலைபேசி உதவி மையம் தொடங்கினார். தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் அழைத்துப் பேசலாம். கூட்டம் அதிகமானதால், காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தன்னார்வலர்களை அழைத்தார். அவர்களிடம் பேசிய பலருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பாதிரியாரைப் பார்க்காமலேயே போய்விட்டார்கள். இதைக் கவனித்த வாரா 1954 பிப்ரவரியில், அழைப்பவர்களோடு பேசும் பொறுப்பை முறைப்படி தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. இதே வழியில் சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா அமைப்பும் பல உயிர்களுக்குத் துணையாக நின்று வருகிறது.

சமாரிட்டன்ஸ் அமைப்பில் கேட்பவர்களைக் காக்கும் வழக்கங்கள் வளர்ந்தன. தன்னார்வலர் குறிப்பிட்ட நேரம் மட்டுமே பணியில் இருப்பார். பணி முடிந்ததும் கேட்டதையெல்லாம் ஒரு மூத்த தன்னார்வலரிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். மனப்பாரத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

கம்ப்யூட்டர் நேரத்தை மிச்சப்படுத்தியது. தொலைபேசி நேரத்தை மிச்சப்படுத்தவில்லை. துக்கத்தை இன்னும் அருகில்தான் கொண்டுவந்தது. ஆனால் அந்தத் தொலைபேசியைச் சுற்றி மனிதர்கள் ஒரு வரம்பு கட்டினார்கள். நிறுவனங்கள் முதல் விடையை மட்டும் எடுத்துக்கொண்டன. இரண்டாவதை மறந்துவிட்டன. பின்னால் வந்த சிக்கல்களுக்கெல்லாம் இதுவே வேர் எனலாம்.

டேப் ரெக்கார்டர் சொன்ன உண்மை

அடுத்த இருபது ஆண்டுகள் இந்தச் சோர்வுக்கு ஒரு பொதுப் பெயர்கூட இல்லை. பெயர் வைத்தவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். ஜெர்மனியில் 1926இல் பிறந்து, நாஜிகளிடமிருந்து சிறுவனாகத் தப்பி நியூயார்க் வந்து உளவியல் நிபுணரானவர். பகலில் தன் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்ப்பார். மாலையில் போதைப் பழக்கத்துக்கு ஆளான இளைஞர்களுக்கான இலவச மருத்துவமனைக்குப் போய் இரவு வெகுநேரம் வரை இருப்பார்.

ஒரு நாள் குடும்பத்தோடு விடுமுறைக்குக் கிளம்ப வேண்டிய காலையில் அவரால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. தனக்கு என்ன ஆயிற்று என்று அறிய அவர் ஒரு வழி செய்தார். டேப் ரெக்கார்டரை எடுத்துத் தன் மனதில் இருந்ததையெல்லாம் பேசிப் பதிவு செய்தார். பிறகு ஒரு நோயாளியின் பேச்சைக் கேட்பதுபோல அதைப் போட்டுக் கேட்டார். அந்தக் குரலில் இருந்த களைப்பும் எரிச்சலும் அவருக்கே அதிர்ச்சியாக இருந்தன. 1974இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை மூலம் 'பர்ன் அவுட்' என்ற சொல் உளவியலுக்குள் வந்தது. விளக்கு எண்ணெய் தீர்ந்து திரி கருகி அணைவதுபோன்ற நிலை. தமிழில் இதைப் பணிச்சோர்வு என்கிறார்கள்.

பணிச்சோர்வைக் கண்டறிய முதலில் உதவிய கருவி வேலையை வேகமாக்கும் இயந்திரம் அல்ல என்பது இங்கே கவனிக்கத்தக்கது. கொஞ்சம் நிறுத்தி, தன் குரலைத் தானே கேட்க வைத்த ஓர் எளிய கருவி அது.

கலிஃபோர்னியாவில் கிறிஸ்டினா மாஸ்லாக் இதே சமயத்தில் இந்த விஷயத்தை ஆராய்ந்தார். சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981இல் அவர் வெளியிட்ட 22 கேள்விகள் கொண்ட அளவுகோல் உலகப் புகழ் பெற்றது. உணர்ச்சி வற்றிப்போதல், மனிதர்களை மரக்கட்டைபோல நடத்தத் தொடங்குதல், தன் வேலையால் பயனில்லை என்ற எண்ணம் என்று பணிச்சோர்வுக்கு மூன்று முகங்கள் உண்டு என்றார்கள். பிறகு 1997இல் மைக்கேல் லைட்டரோடு சேர்ந்து மாஸ்லாக் காரணங்களையும் பட்டியலிட்டார். வேலைப்பளு, தன் வேலை மீது தனக்கு இருக்கும் கட்டுப்பாடு, கிடைக்கும் மதிப்பு, சக ஊழியர் உறவு, நியாயம், கொள்கை என்று ஆறு. கோளாறு மனிதரிடம் மட்டும் இல்லை, வேலை இடத்திலும் இருக்கிறது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இந்த ஆறில் இயந்திரம் நேரடியாகக் குறைக்கக் கூடியது வேலைப்பளு ஒன்றைத்தான்.

1983: மூன்று பெண்கள் சொன்னது

1983ஆம் ஆண்டில் மூன்று பெண்கள் ஒருவரோடு ஒருவர் சம்பந்தமில்லாமல் மூன்று எழுத்துகளை வெளியிட்டார்கள். மூன்றும் எச்.ஆர். பற்றியவை அல்ல. ஆனால் மூன்றையும் சேர்த்துப் படித்தால் எச்.ஆர். துறையின் அடுத்த நாற்பது ஆண்டுகள் தெரிகின்றன.

முதலாமவர் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட். விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்தவர். சம்பளத்துக்காகச் சிரிப்பதும், சம்பளத்துக்காகக் கடுமை காட்டுவதும் உழைப்புதான் என்று அவர் நிறுவினார். மூட்டை தூக்கினால் உடல் களைக்கிறது. இந்த உழைப்பில் மனம் களைக்கிறது. எச்.ஆர். அலுவலர் காலையில் சிரிக்கவும், மாலையில் கடுமை காட்டவும் வேண்டியவர்.

இரண்டாமவர் வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன். சலவை இயந்திரமும் வாக்குவம் கிளீனரும் வந்த பிறகும் அமெரிக்க இல்லத்தரசிகளின் வேலை நேரம் குறையவில்லை என்று காட்டினார். இயந்திரம் வந்ததும் சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்தது. முன்பு வாரம் ஒருமுறை துவைத்த துணியை அடிக்கடி துவைக்க வேண்டியதாயிற்று. வெளியாட்கள் செய்த வேலைகளும் அம்மாவின் தலையில் விழுந்தன.

மூன்றாமவர் பிரிட்டிஷ் உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ். தானியங்கி முறைகளின் முரண்களைப் பற்றிச் சில பக்கங்களே கொண்ட ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். இயந்திரத்துக்கு எளிதான பகுதியைக் கொடுத்துவிட்டால், மனிதனுக்கு மிஞ்சுவது மிகக் கடினமான பகுதி என்றார். ஆலைகளின் கட்டுப்பாட்டு அறையை மனதில் வைத்து எழுதியது அது. ஆனால் எச்.ஆர். அறைக்கும் அப்படியே பொருந்தும்.

சம்பளச் சீட்டை அச்சிடுவதும், விடுப்பைக் குறித்துக்கொள்வதும், கோப்பை அடுக்குவதும் சலிப்பான வேலைகள்தான். ஆனால் அந்தச் சலிப்பான வேலைகளுக்குள் ஓர் ஓய்வும் ஒளிந்திருந்தது. காலையில் ஒருவர் வந்து அழுதுவிட்டுப் போனால், அடுத்த ஒரு மணி நேரம் கோப்பை அடுக்கிக்கொண்டு மனதை ஆற்றிக்கொள்ளலாம். அந்த வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டபோது, கூடவே அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டது. ஒரு கண்ணீருக்கும் அடுத்த கண்ணீருக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் போயிற்று.

மென்பொருளின் காலம்

1987இல் அமெரிக்காவில் டேவ் டஃபீல்டும் கென் மோரிஸும் பீப்பிள்சாஃப்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் முதல் சரக்கே மனிதவள மென்பொருள்தான். பீரோ பீரோவாக இருந்த கோப்புகள் கம்ப்யூட்டர் திரைக்கு வந்தன. 1990களில் ஊழியர்களே தங்கள் முகவரியை மாற்றவும் விடுப்பு கேட்கவும் வசதி வந்தது. காகிதச் சுமை உண்மையிலேயே குறைந்தது. இதை மறுக்க முடியாது.

ஆனால் கோவன் சொன்னதும் நடந்தது. 1994இல் அமெரிக்காவில் மான்ஸ்டர் போர்டும் 1997இல் இந்தியாவில் நௌக்ரியும் வந்தன. முன்பு தபாலில் வந்த விண்ணப்பங்கள் இப்போது இணையம் வழியே வெள்ளமாக வந்து குவிந்தன. அவற்றை வடிகட்ட இன்னொரு மென்பொருள் வந்தது. மின்னஞ்சலும் கைப்பேசியும் வந்ததும், குறை சொல்ல விரும்பும் ஊழியர் அறைக் கதவைத் தட்டக் காத்திருக்க வேண்டியதில்லை. இரவு பதினொரு மணிக்கும் எழுதலாம். கதவு சாத்துகிற அறையாக இருந்த எச்.ஆர். துறை, கதவே இல்லாத திண்ணையாக மாறிவிட்டது.

1999இல் பீட்டர் ஃபிராஸ்ட், சாண்ட்ரா ராபின்சன் இருவரும் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நிறுவனங்களில் மற்றவர்களின் வேதனையைத் தாங்கிக்கொள்ளும் சிலர் எப்போதும் இருக்கிறார்கள்; அவர்களால்தான் நிறுவனம் உடையாமல் ஓடுகிறது; ஆனால் அந்த நஞ்சு அவர்கள் உடம்பிலேயே இறங்குகிறது என்றார்கள். பாற்கடலைக் கடைந்தபோது வந்த நஞ்சைச் சிவன் விழுங்க, அதைக் கழுத்தோடு நிறுத்தப் பார்வதி இருந்தாள் என்று புராணம் சொல்கிறது. நிறுவனங்களில் அப்படி நிறுத்துவதற்கு யாரும் இல்லை.

பீப்பிள்சாஃப்ட் நிறுவனத்தின் முடிவே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நீண்ட இழுபறிக்குப் பிறகு 2005 ஜனவரியில் ஆரக்கிள் நிறுவனம் அதை வாங்கியது. அதே மாதம் இரு நிறுவனங்களும் சேர்ந்த கூட்டத்தில் சுமார் 5,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. உலகத்துக்கே மனிதவள மென்பொருள் செய்து கொடுத்தவர்களுக்கு அந்த மென்பொருளால் உதவ முடியவில்லை. உதவ முன்வந்தது ஒரு மனிதர்தான். வேலை இழந்தவர்களுக்காக டஃபீல்ட் தன் சொந்தப் பணத்தில் ஓர் உதவி நிதியை ஏற்படுத்தினார்.

நிறுத்தத் தெரிந்த இயந்திரங்கள்

அப்படியானால் தொழில்நுட்பத்தால் பணிச்சோர்வைத் தடுக்கவே முடியாதா? முடியும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. ஆனால் அங்கே இயந்திரத்துக்குக் கொடுத்த வேலை வேறு.

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தில் தொழிலாளர் மன்றம் நிர்வாகத்தோடு பேசி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2011 டிசம்பரில் இது வெளியே தெரிந்தது. நிறுவனம் கொடுத்த பிளாக்பெர்ரி கைப்பேசி வைத்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு, வேலை நேரம் முடிந்து 30 நிமிடம் கழித்து சர்வர் மின்னஞ்சல் அனுப்புவதை நிறுத்திவிடும். மறுநாள் வேலை தொடங்க 30 நிமிடம் முன்புதான் மீண்டும் அனுப்பும். டைம்லர் நிறுவனம் 2014இல் இன்னும் ஒரு படி மேலே போனது. ஊழியர் விரும்பினால், விடுமுறையில் இருக்கும்போது வரும் மின்னஞ்சல் தானாக அழிந்துவிடும். அனுப்பியவருக்கு வேறு யாரைத் தொடர்புகொள்ளலாம் என்று பதில் போகும். விடுமுறை முடிந்து திரும்பும் ஊழியரை வரவேற்க மின்னஞ்சல் மலை காத்திருக்காது. பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல், 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பை நிறுத்திவைக்கும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேச வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இந்த மூன்றிலும் புதுமையான தொழில்நுட்பம் எதுவும் இல்லை. மின்னஞ்சலை நிறுத்துவது பெரிய வித்தை அல்ல. நிறுத்தலாம் என்று மனிதர்கள் முன்கூட்டியே பேசி முடிவு செய்ததுதான் புதுமை. அதன் பிறகு அந்த முடிவைத் தினமும் தவறாமல் காப்பாற்றும் வேலையை மட்டும் இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். சமாரிட்டன்ஸ் அமைப்பு தொலைபேசியைச் சுற்றிக் கட்டிய அதே வரம்புதான் இது.

இன்றைய நிலை

2019 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆவது பதிப்பில் பணிச்சோர்வைத் தொழில்சார் நிகழ்வு என்று விளக்கமாகச் சேர்த்தது. நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட வேலை அழுத்தத்தின் விளைவு என்றது. அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. வீட்டிலிருந்து வேலை, தொற்றுக் கணக்கு, மரணச் செய்தி, ஆட்குறைப்பு என்று எல்லாமே எச்.ஆர். மேசைக்கு வந்தன. அந்த மேசையோ அவர்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு விண்ணப்பத்தை இயந்திரம் எழுதுகிறது, அதை இன்னொரு இயந்திரம் படிக்கிறது. ஊழியர்களின் சாதாரணக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அரட்டை மென்பொருள்கள் வந்துவிட்டன. அவற்றால் பதில் சொல்ல முடியாதவை மட்டும் மனிதரிடம் போகின்றன. பெயின்பிரிட்ஜ் சொன்னது இன்னும் கூர்மையாக நடக்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடங்கள் சில உண்டு. மென்பொருள் மிச்சப்படுத்தும் நேரம் யாருக்கு என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அந்த நேரத்தைப் புதிய வேலை வந்து தின்றுவிடும். யார் எத்தனை கனமான புகார்களைக் கேட்டிருக்கிறார்கள் என்பதைக் கணக்கு வைத்து, ஒருவர் தலையிலேயே எல்லாம் விழாமல் பிரித்துக் கொடுக்கக் கம்ப்யூட்டரால் முடியும்; அதற்கு அதைப் பயன்படுத்தலாம். ஆட்குறைப்புக் கடிதம் கொடுத்த நாளில், கொடுத்தவரும் தன் மனப்பாரத்தை யாரிடமாவது இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். இதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை. ஒரு மனிதரும் அரை மணி நேரமும் போதும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். ஒரு நிறுவனத்தில் மற்றவர்கள் சாய்ந்துகொள்ளும் சுவராக இருப்பவர்கள் எச்.ஆர். அலுவலர்கள். எட்டு நிமிட வேலையை ஒன்றரை வினாடியில் முடிக்க உலகம் 1954லேயே கற்றுக்கொண்டுவிட்டது. மிச்சமான அந்த நிமிடங்களை வேலை செய்தவருக்கே திருப்பிக் கொடுக்கத்தான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.